ஆடி வெள்ளியில் ஒரே பந்தி

மஸ்கட்டில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் லீவு, அன்றுதான் ஆராதனை. ஒரே மதில் சுவருக்குள் இருக்கும் ஆலய வளாகத்தில் காலையிலிருந்து இரவு வரை சபைகள் மணிக்கணக்குப்படி வந்து போகும். மலையாளத்துக்காரர்கள் முடித்துவிட்டு வெளியே வரும்போது தமிழ் புராட்டஸ்டன்டுகளாகிய நாங்கள் உள்ளே போவோம். எங்கள் கடைசிப் பாட்டு முடிவதற்குள் அடுத்த சபைக்காரர்கள் கிடாரோடு வாசலில் நிற்பார்கள். கத்தோலிக்கர்களுக்குப் பக்கத்துக் கட்டடம். செருப்பு விடுகிற இடம் மட்டும் ஏறக்குறைய பொது. நான் இரண்டு முறை வேறு சபைக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு அறைக்கு வந்திருக்கிறேன்.

அறையில் நாங்கள் மூன்று பேர். சவரிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், ஆர்.சி. என்கிற கத்தோலிக்கர். தானியேல் அங்கிருந்து முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் வ. புதுப்பட்டி, பெந்தெகொஸ்தே. நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவன். தானியேல் ஜெபித்தால் பக்கத்து அறை வரை கேட்கும். சவரிமுத்து கட்டிலில் சம்மணம் போட்டு ஜெபமாலையை முணுமுணுப்பார். "கொஞ்சம் மெதுவா" என்று இரண்டு பேரையும் அதட்டுவதையே நான் என் பக்தியாக வைத்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் ஒரே கடையில் பிரியாணி வாங்கி வந்து ஒரே பேப்பரில் வைத்துச் சாப்பிடுவோம். அதில் மட்டும் சண்டை வந்ததில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எனக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்தேன். பிழைப்பேனா என்று டாக்டர்களே சொல்லவில்லை. அந்த நாட்களில் இந்த இரண்டு பேரும் சேர்ந்து எனக்காக ஒன்றை வேண்டிக்கொண்டார்கள். தானியேல் அதைப் பொருத்தனை என்றார், சவரிமுத்து நேர்ச்சை என்றார். நான் எழுந்து நடந்துவிட்டால், அவர்கள் ஊர்ப்பக்கத்தில் மூன்று சபை ஆட்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, ஒரே சாப்பாடு போட வேண்டும். தனித்தனிப் பந்தி கூடாது. அதுதான் வாக்கு.

நடந்துவிட்டேன். ஆனால் அவர்கள் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்த லீவில் வீட்டுக்கென்று ஒதுக்கியது போக மிச்சம் நான்கு நாள்தான். சனிக்கிழமை மதியம் கிளம்பியாக வேண்டும். எந்த நாளில் அசன விருந்தை வைப்பது என்று அறைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தோம். அதில் வெள்ளிதான் சிவப்பு. மூன்று பேரும் அதே கட்டத்தில் விரலை வைத்தோம்.

புதன்கிழமை காலை ராஜபாளையத்தில் இறங்கினேன். ஆடிக் காற்று என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பெரம்பூரில் பட்டதில்லை. மலையிலிருந்து நேராக வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தது. மஸ்கட்டில் காற்றடித்தால் ஜன்னலைச் சாத்துவோம். இங்கே காற்றடித்தால் முதலாளிகளுக்குச் சந்தோஷம், துணி சீக்கிரம் காய்கிறது.

என் மனைவியின் பெரியப்பா மகன் ஜெபராஜ் அங்கே பேண்டேஜ் துணி கம்பெனி நடத்துகிறார். தறியில் நெய்து, வெளுத்து, காயப்போட்டு, ஆஸ்பத்திரிகளுக்குச் சுருட்டி அனுப்புகிற வேலை. கம்பெனிக்குப் பின்னால் பெரிய கொட்டகை. அங்கேதான் பந்தி என்று முடிவு செய்திருந்தோம். காரணம் இருந்தது. ஆர்.சி. கோயிலில் வைத்தால் சுருபம், அதாவது சிலை இருக்கிற இடத்துக்குள் வர தானியேலின் சபைக்காரர்கள் யோசிப்பார்கள். ஜெபராஜ் போகும் எங்கள் சபை ஆலயத்தில் வைத்தால் மற்ற இருவரும் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். கட்டுத்துணிக் கொட்டகையில் யாருக்கும் யாரும் விருந்தாளி இல்லை.

ஜெபராஜின் வெள்ளை ராஜபாளையம் நாய்க்கு என்னைக் கண்டதும் ஆகவில்லை. "ஒங்களன்னு இல்ல மாப்ள. எங்க சர்ச்சு ஐயரு ஜெபம் பண்ண வந்தாலும் இப்படித்தான்" என்று மச்சான் ஆறுதல் சொன்னார். பாத்திரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனோம். தெலுங்கு பேசுகிற குடும்பம். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையாளிடம் தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று மச்சானிடம் கேட்டேன். "பெரிய அண்டாவையே எடுத்துக் குடு, சின்னதக் குடுத்தா திரும்பத் திரும்ப வந்து தொந்தரவு பண்ணுவாங்கன்னு சொல்லுதாரு" என்றார். அண்டாவோடு ஒரு கூடை சப்பட்டை மாம்பழமும் வந்தது. அன்று ராத்திரி நான் வேறு எதுவும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை அழைக்கக் கிளம்பினேன். சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியமேரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாப் பட்டறையில் வேலை செய்கிறார். விறகடுப்பில் அகலச் சட்டி, அதற்குள் பால் கொதித்துக்கொண்டிருந்தது. நீளக் கரண்டியால் விடாமல் துழாவிக்கொண்டே இருந்தவர் என்னைப் பார்த்ததும் கரண்டியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோவுலயாண்ணே வந்திய?"

"இல்லம்மா, நடந்துதான் வந்தேன்."

"மூச்சு வாங்கலையா?"

"இல்ல."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று நினைத்தேன், அல்லது புருஷன் ஞாபகம். பந்தி விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கா? வெள்ளிக்கெழமையாண்ணே?"

"ஆமாம்மா, வெள்ளிதான்" என்றேன், நல்ல சேதி சொல்கிற குரலில்.

அடுப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரிண்ணே. வாரோம். எங்க தெருவுலயும் சொல்லிப்புடுதேன்" என்றார். சூடான பால்கோவாவை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். மஸ்கட்டுக்குப் பெட்டியில் வருகிற பால்கோவாவைத் தின்றுவிட்டு இத்தனை வருஷம் சவரிமுத்துவிடம் 'உங்க ஊர் இனிப்பு சுமார்தான்' என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்து வ. புதுப்பட்டி பஸ். பாதி வழியில் டயர் பஞ்சர். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "செத்த நேரம் பொறுத்துக்கிடுங்க, ஸ்டெப்னியும் பஞ்சராத்தான் இருக்கு" என்றார். ஒருவரும் கோபப்படவில்லை. எல்லோரும் புளியமரத்தடியில் இறங்கி உட்கார்ந்தோம். மஸ்கட்டில் பஸ் நின்றால் ஆளுக்கொரு போனுக்குள் போய்விடுவோம். இங்கே அரை மணி நேரத்தில் என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எனக்கு என்ன நோய் வந்தது, யார் பிழைக்க வைத்தது எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்கள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர், "அப்ப நீங்க வேதக்காரவிய" என்றார்.

"ஆமாங்க."

"எந்த வேதம்? மணி அடிக்கிறதா, கை தட்டுறதா?"

"மணி அடிக்கிறதுதான். ஆனா ஆர்.சி. இல்ல."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நடுவுல" என்றார். எங்கள் சபையைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தானியேலின் அண்ணன் ஐசக் விவசாயி, பாஸ்டரும் அவர்தான். வயலில் முட்டு வரை சேறோடு நின்றார். தோப்போரம் தகரக் கொட்டகை போட்டதுதான் அவர்களது சபை. என்னைப் பார்த்ததும் சேற்றுக் கையோடே இரண்டு கையையும் மேலே தூக்கி, நான் உயிரோடு நிற்பதற்காகச் சத்தமாகத் தோத்திரம் சொன்னார். தானியேலுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு கணம் நிதானித்தார்.

"நாளைக்கா பிரதர்? எத்தன மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

வரப்பில் நின்ற மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார். "வாரோம் பிரதர். முன்னப்பின்ன கொஞ்சம் நேரமாகும், தப்பா எடுத்துக்கிடாதிய" என்றார். இரண்டு இடத்திலும் அந்தத் தயக்கத்தைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கிடாய்கள் வெட்டியாகிவிட்டது. சமையல்காரர் மாடசாமி அண்ணாச்சி, நெற்றியில் திருநீறு, கொட்டகை ஓரத்தில் மலை மாதிரி வெங்காயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் போனிலேயே பேசி அமர்த்தியிருந்ததால் நான் அப்போதுதான் அவரைப் பார்க்கிறேன்.

"எத்தன எலை சார்?"

"எழுபது இருக்கும். எங்க சபை ஆளுங்க, வில்லிபுத்தூர் ஆர்.சி. ஆளுங்க, புதுப்பட்டி பெந்தெகொஸ்தே ஆளுங்க. எல்லாரும் ஒரே பந்தி" என்றேன் பெருமையாக.

அவர் கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது. "ஆர்.சி.யுமா? மொதலாளி ஒங்க சபை அசனம்னுல்லா சொன்னாரு. இன்னிக்கு வெள்ளியில்லா சார். அவிய கவுச்சி தொட மாட்டாவளே. சுத்தபோசனம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"பெந்தெகொஸ்தேக்காரவியளுக்கு வெள்ளிக்கெழம உபவாச ஜெபம். மூணு மணி வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. எம் மச்சினன் பொண்டாட்டி அந்தச் சபதான், எனக்குத் தெரியும்."

"சரி, கம்பெனி ஆளுங்களாவது..."

"ஆடி வெள்ளியிலயா? நானே ருசி பாக்க மாட்டேன். உப்புப் பாக்க ஒங்க ஆள்ல ஒருத்தர நிப்பாட்டுங்கன்னு சொல்லத்தான் இருந்தேன்."

ஒற்றுமையாகச் சாப்பாடு போட வந்தவன், ஊரே ஒற்றுமையாகக் கறி தின்னாத ஒரு நாளைத் தேடிப் பிடித்திருக்கிறேன். சவரிமுத்துவும் தானியேலும் என்னோடு சேர்ந்து அதே கட்டத்தில்தான் விரலை வைத்தார்கள். அத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை பிரியாணி தின்று தின்று, சொந்த ஊரில் வெள்ளி எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆர்.சி.க்காரர்கள் வந்து வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள், மற்றவர்கள் மூன்று மணிக்குத் தனியாகச் சாப்பிடுவார்கள். நாளை மதியம் நான் கிளம்ப வேண்டும். அவர்கள் எனக்காகக் கொடுத்த வாக்கு என் கையாலேயே கெடப்போகிறது.

"ஒங்களுக்குத்தான் தெரியல. இங்கயே கெடக்கிற எனக்கு எங்க போச்சு மாப்ள புத்தி" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "வாங்க, அவிய சாமியாரையே போய்ப் பாத்துருவோம்."

மச்சானின் பழைய பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினோம். வழியில் இரண்டு முறை செயின் கழன்றது. ஊருக்குள் ஆடி வெள்ளிக் கூட்டம்; ஆண்டாள் கோயில் பக்கம் வண்டி நகரவில்லை. மஞ்சள் சேலைகளுக்கு நடுவில், கையெல்லாம் கிரீஸோடு இரண்டு வேதக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பூக்காரப் பெண் ஒருத்தி மச்சானைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே வாளித் தண்ணீரைக் காட்டினாள். கை கழுவிக்கொண்டோம்.

ஆரோக்கியமேரி எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"எனக்கு நேத்தே தெரியும்ணே" என்றார்.

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து, பிழைச்சதுக்கு நன்றின்னு சாப்பிடக் கூப்பிடுதிய. நாள் தப்புன்னு ஒங்க மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்ல? வந்து சோத்துல ரசத்த ஊத்திச் சாப்பிட்டுட்டு, கறி நல்லாருந்துச்சுன்னு சொல்லிருவோம்னு தெருவுல பேசிவச்சிருந்தோம்."

அவரே எங்களைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். இளம் வயதுக்காரர், கைலியோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவர் சிரித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"சுத்தபோசனத்துக்கு நான் விலக்குக் குடுக்கலாம். இப்படி ஒரு காரியத்துக்குக் குடுக்காம வேற எதுக்குக் குடுக்க?" என்றார்.

"மத்தவிய சாப்பிடட்டும் சாமி. என்னால முடியாது" என்றார் ஆரோக்கியமேரி. "எனக்கு வெள்ளிக்கெழம ஒருசந்தி. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சுத்தபோசனம். அது ஒரு நேர்ச்சை."

"என்ன நேர்ச்சைம்மா?"

"முடிஞ்ச பொறவு சொல்லுதேன் சாமி."

சாமியார் அதற்கு மேல் கேட்கவில்லை. "அந்தப் பாஸ்டர் ஆளுங்க உபவாசம் இருக்காங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு நான் எப்படி விலக்குக் குடுக்க? அவர் நம்பர் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் இரண்டு பேரும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபாதரா? எந்த ஃபாதர்?" என்றது ஐசக்கின் குரல். சாமியார் விஷயத்தைச் சொல்லி முடித்தார். காற்று மட்டும் கேட்டது.

"நாங்க பிந்தி வந்து தனியாச் சாப்பிட்டுக்கிடுதோம் ஃபாதர். ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம்" என்றார் ஐசக்.

"தனியாச் சாப்பிட்டா இவங்க குடுத்த வாக்கு நிறைவேறாது பாஸ்டர். ஒண்ணு செய்வோமா? நாங்களும் மூணு மணி வரைக்கும் சாப்பிடாம இருக்கோம். இன்னிக்கு ஒரு நாள் ஒங்க உபவாசத்துல எங்களையும் சேத்துக்கிடுங்க."

பிறகு ஐசக், வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னார்: "அப்ப நாங்களும் கறி வேண்டாம்னுடுதோம் ஃபாதர். ஒங்க வழக்கத்துல எங்களையும் சேத்துக்கிடுங்க." ஒரு நிமிஷம் கழித்து, "அங்க சுருபம் எதும் இருக்காதுல்லா?" என்றார்.

"கட்டுத்துணிதான் இருக்குமாம்" என்றார் சாமியார்.

மச்சான் அங்கிருந்தே மாடசாமி அண்ணாச்சிக்குப் போன் போட்டார். கறியைத் தாளித்து வேகவைத்து, சனிக்கிழமை காலை இட்லிக்குக் குழம்பு. இன்றைக்குப் பயறு போட்டுக் கஞ்சி, தேங்காய்த் துவையல். "கஞ்சியா? ஆடி மாசம் பூரா அம்மன் கோயில்ல ஊத்துத கைதான், கவலப்படாதிய" என்றாராம்.

எங்கள் சபை ஆட்களிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. ரிட்டயர்டு வாத்தியார் வேதமுத்து, "கறிச்சோறுன்னுதானப்பா ஆலயத்துல அறிவிப்புக் குடுத்திய" என்றார்.

"கறி நாளைக்குக் காலையில பெரியப்பா."

"நாளைக்கு நான் இருக்கணும்லா" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் மூன்று மணி வரை அவரும் எதுவும் சாப்பிடவில்லை. டீ கொண்டுவந்த பையனையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டரை மணிக்கெல்லாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். பழக்கம் விடுமா? மூலைக்கு ஒரு கூட்டமாக நின்றார்கள். நகை போட்ட பெண்கள் ஒரு பக்கம், போடாதவர்கள் ஒரு பக்கம். பந்திப் பாய் பாதிப் பேருக்குத்தான் இருந்தது. மச்சான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வெட்டாமல் வைத்திருந்த கட்டுத்துணிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் உருட்டிவிட்டார். கொட்டகையின் இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை, ஒரே வெள்ளைத் துணி. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. பறக்காமல் இருக்க, யார் எந்தச் சபை என்று பார்க்காமல் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சட்சட்டென்று அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். சாமியார் வேதமுத்து வாத்தியாருக்கும் ஐசக்கின் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

ஐசக் ஜெபம் செய்தார். அவருடைய ஜெபத்தின் நீளம் தானியேல் சொல்லி எனக்குத் தெரியும். கஞ்சி ஆறிவிடுமே என்று பயந்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைய எழுப்பி நடக்க வச்சீர், எங்களையும் ஒண்ணா உட்கார வச்சீர், தோத்திரம், ஆமென்" என்று முடித்துவிட்டார். அவர் சபைக்காரர்களே கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

கஞ்சியை ஊற்றி முடித்துவிட்டு மாடசாமி அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். அவரும் காலையிலிருந்து விரதம். "கவுச்சி இல்லாததுனால நானும் உக்காரலாம்லா" என்று துணியின் கடைசியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துக் கம்பெனி ஆட்களும் உட்கார்ந்தார்கள். கறி போட்டிருந்தால் சமைத்தவரே எங்களோடு சாப்பிட்டிருக்க மாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று சபை என்றுதான் நாங்கள் கேட்டோம். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது.

மஸ்கட்டுக்கு வீடியோ போட்டேன். அங்கே மதியம் ஒன்றரை. இரண்டு பேரும் கட்டிலுக்கு நடுவில் பேப்பரை விரித்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் போனை மெதுவாகப் பந்தி நெடுகக் காட்டிக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். தானியேல் வாயில் கை வைத்துக்கொண்டார். சவரிமுத்து தன் மனைவி கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏலே தானியேலு, அத மூடி வையிலே" என்றார். பொட்டலம் மூடப்படுகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை இட்லியும் கறிக்குழம்பும். ஒரு நாள் சுண்டியதில் குழம்பு இன்னும் நன்றாக இருந்தது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் வேதமுத்து வாத்தியார். புதுப்பட்டிக்காரர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். பஞ்சர் ஆகவில்லையா என்று கேட்டேன், ஆச்சு பிரதர் என்றார்கள். சாமியார் பூசை முடித்துவிட்டு வந்தார். ஐசக்கும் அவரும் அடுத்த ஆடியில் யார் இடத்தில் கஞ்சி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாள் என்று நான் போட்ட கணக்குத் தப்பிப் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது.

கிளம்பும்போது ஆரோக்கியமேரி பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தார். சவரிமுத்துவுக்கு ஒன்று, தானியேலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"நேர்ச்சை முடிஞ்சதா?" என்று சாமியார் கேட்டார்.

"நேத்தோட முடிஞ்சது சாமி." என்னைக் காட்டினார். "இந்த அண்ணன் எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் வெள்ளிக்கெழம ஒருசந்தின்னு நேந்திருந்தேன்."

பொட்டலத்தைக் கீழே வைத்தேன். பிறகு, "நான் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா. சவரிமுத்து சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாவ. ஃபோன்ல சொல்றத வச்சு நேர்ச்சைய முடிக்க முடியுமாண்ணே? நீங்க நடந்து வர்றத எங்கண்ணால பாக்கணும்லா. வியாழக்கெழம பாத்துட்டேன். மறுநாள் வெள்ளி கடைசியா ஒண்ணு இருந்து நிறைவு பண்ணிக்கிட்டேன்."

ஒன்றரை வருஷம். நான் கட்டிலில் கால் நீட்டிப் பிரியாணி சாப்பிட்ட அத்தனை வெள்ளிக்கிழமையும், நேரில் பார்த்தேயிராத, வேறு சபைக்காரன் ஒருவனுக்காக இந்தப் பெண் கொதிக்கிற பால் சட்டியின் முன்னால் வெறும் வயிற்றோடு நின்றிருக்கிறார். அவருக்குத்தான் நான் வெள்ளிக்கிழமையில் கறி போடப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது இதை எழுதும்போதும் நன்றி என்ற சொல் எனக்குப் போதவில்லை.

"சுத்தபோசனம் இருப்பேண்ணே, அது எனக்கு. ஒருசந்திதான் ஒங்களுக்காக இருந்தது. இனிமே வெள்ளிக்கெழம காலையில ரெண்டு இட்லி திம்பேன்" என்று சிரித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை மஸ்கட்டில் ஆராதனைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தோம். சவரிமுத்துவின் போனில் ஒரு படம் வந்தது, கூடவே ஆரோக்கியமேரியின் குரல்: "மணி எட்டரை ஆகுது. சாப்பிடுதேன்னு அண்ணன்கிட்டச் சொல்லுங்க." சவரிமுத்து படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்கிட்டகூட அந்த நேர்ச்சையப் பத்தி ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

இரண்டு இட்லி என்றுதான் ஆரோக்கியமேரி என்னிடம் சொல்லியிருந்தார். தட்டில் நான்கு இட்லி இருந்தது.